நடு இருக்கையில் அமர்ந்து பார்த்தால்: என்700எஸ், டூப்ளெக்ஸ், ஐசிஇ

ரயில் ரசிகர்கள் கூடினால் பேச்சு வேகத்தில்தான் தொடங்கும். 2007 ஏப்ரல் 3 அன்று பிரான்சில் டிஜிவி எனப்படும் அதிவேக ரயில் ஒன்று மணிக்கு 574.8 கிலோமீட்டரைத் தொட்டதைத் தேதி பிசகாமல் சொல்லுவோம். எனக்கும் அந்த எண் மனப்பாடம். ஆனால், எந்த ரயில் நல்ல ரயில் என்ற கேள்வி வந்தால் நான் நேராக இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவேன். அங்கே எல்லோரும் தவிர்ப்பதால் கடைசியில் நிரம்பும் ஓர் இருக்கை இருக்கும். அதில் உட்கார்ந்தவருக்கு அடுத்த மூன்று மணி நேரம் எப்படிக் கழிகிறது என்பதை வைத்துத்தான் மதிப்பெண் போடுவேன். முதல் வகுப்பைச் சொகுசாக்க எந்த நிறுவனத்தாலும் முடியும்.

இந்தக் கணக்கில் ஜப்பானின் என்700எஸ் முதலில் வருகிறது. 2020 ஜூலையில் டொகாய்டோ ஷின்கான்சென் எனப்படும் அதிவேக ரயில் பாதையில் ஓடத் தொடங்கிய ரயில் இது. 16 பெட்டிகளில் 1,323 இருக்கைகள். ஒரு வரிசைக்கு ஐந்து பேர், ஒரு பக்கம் மூவரும் மறுபக்கம் இருவரும். ஐந்து பேர் என்றதுமே ஐரோப்பிய ரயில் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஷின்கான்சென் பெட்டி ஏறக்குறைய 3.36 மீட்டர் அகலம், பெரும்பாலான ஐரோப்பிய அதிவேக ரயில்களைவிட நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். அந்த அகலத்தைப் பங்கிட்ட விதம்தான் என்னை மயக்கியது. மூவர் இருக்கையில் நடுவில் உட்காருபவருக்கு 460 மி.மீ., அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு 440 மி.மீ. யாருக்கும் பிடிக்காத இடத்தில் உட்காருபவருக்கு இரண்டு சென்டிமீட்டர் கூடுதல். யாரோ ஒரு வடிவமைப்பாளர் அந்த நடு இருக்கையில் தன்னை வைத்துப் பார்த்திருக்கிறார்.

இன்னும் இருக்கிறது. வரிசைக்கு வரிசை இடைவெளி 1,040 மி.மீ. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஜன்னல். சுவரைப் பார்த்தபடி பயணம் செய்யும் தண்டனை அங்கே கிடையாது. பின்புறம் சாயும்போது இருக்கையின் அடிப்பகுதியும் சேர்ந்து தாழ்வதால் உடல் முன்னால் வழுக்குவதில்லை. ரயில் திசை மாறும்போது இருக்கைகளைச் சுழற்றி எல்லோரையும் பயணத் திசை நோக்கி உட்கார வைத்துவிடலாம். ஒவ்வொரு இருக்கைக்கும் பிளக் பாயிண்ட் உண்டு. நிலையம் நெருங்கும்போது தலைக்கு மேலுள்ள சாமான் தட்டின் விளக்கு பிரகாசமாகிறது, பையை மறந்துவிட்டு இறங்கிவிடக் கூடாது என்பதற்காக.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஜன்னல் சிறியது, விமான ஜன்னல் போல. முகத்தை ஒட்டிக்கொண்டு வெளியே பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய வருத்தம். ஆட்டத்தை மோட்டார் கொண்டு எதிர்த்து அடக்கும் அதிர்வுத் தாங்கி வசதியும் அறிமுகமானபோது கிரீன் கார் எனப்படும் உயர் வகுப்புக்கே கிடைத்தது. என் அளவுகோலில் அதற்கு மதிப்பெண் இல்லை.

டிஜிவி டூப்ளெக்ஸ் முற்றிலும் வேறு சிந்தனையில் பிறந்தது. இரண்டு மாடி, 200 மீட்டர் நீளம், சுமார் 510 இருக்கைகள். இரண்டைச் சேர்த்து ஓட்டினாலும் ஏறக்குறைய 1,020 பேர்தான். ஒற்றை மாடி என்700எஸ் அதே 400 மீட்டரில் அதைவிடக் கூடுதலாக ஏற்றுகிறது! இரு முனைகளிலும் இன்ஜின்கள் இடத்தை எடுத்துக்கொள்வதும், பெட்டி ஒடுங்கியிருப்பதும்தான் காரணம்.

ஆனால் அந்த இன்ஜின்கள்தான் டூப்ளெக்ஸின் பெரிய வரமும்கூட. பயணிகளின் காலடியில் மோட்டார் இல்லை. சக்கரத் தொகுதிகளும் பெட்டிக்கு அடியில் இல்லாமல், இரண்டு பெட்டிகள் சந்திக்கும் இடத்தில் இருக்கின்றன. அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே தொகுதியின் மேல் தாங்கி நிற்பதால் ரயில் முழுவதும் ஒரே உடலாக நகர்கிறது. மேல்மாடியில் உட்கார்ந்தால் சக்கர ஓசை எங்கோ கீழே அமுங்கிவிடுகிறது. ஒலித்தடுப்புச் சுவர்களுக்கு மேலாக வயல்வெளி தெரிகிறது.

கீழ்மாடியை ரசிகர்கள் மட்டம்தட்டுவது வழக்கம். காட்சி பாதி மறைந்துவிடும், உண்மைதான். ஆனால் ஒரு நுட்பத்தை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். பெட்டி விட்டுப் பெட்டி போகும் வழி மேல்மாடியில் மட்டுமே இருக்கிறது. சிற்றுண்டிப் பெட்டிக்குப் போகிறவர்கள், இருக்கை தேடுகிறவர்கள் எல்லாரும் மேலேதான் நடப்பார்கள். கீழே அந்தப் போக்குவரத்து இல்லை. தூங்க வேண்டியவர் காட்சியைத் தியாகம் செய்துவிட்டுக் கீழே போகலாம். டூப்ளெக்ஸின் உண்மையான குறை வேறு: இரண்டாம் வகுப்பு இருக்கைகள் சுழலாது. கணிசமானவர்கள் பின்னோக்கியே பயணம் செய்தாக வேண்டும். சில வரிசைகளுக்கு ஜன்னலுக்குப் பதில் சுவர் வாய்க்கும். பெரிய சூட்கேஸ் கொண்டு வந்தவர் படிக்கட்டில் திணறுவார்.

ஜெர்மனியின் அதிவேக ரயில்களான ஐசிஇ குடும்பத்தில் இரண்டு பேரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2000-ல் வந்த ஐசிஇ 3 ரசிகர்களின் செல்லப்பிள்ளை. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதன் வழியே முன்னால் விரியும் தண்டவாளம். கொலோன்–பிராங்க்ஃபர்ட் அதிவேகப் பாதையில் ஆயிரம் மீட்டருக்கு நாற்பது மீட்டர் உயரும் ஏற்றத்தை மணிக்கு 300 கிலோமீட்டரில் அது ஏறுவதை முன்வரிசையிலிருந்து பார்க்கலாம். ஓட்டுநர் நினைத்தால் ஒரு பொத்தானில் கண்ணாடியை மங்கலாக்கிவிடவும் முடியும். அப்போது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் ஏமாற்றத்தை நம்மால் ஊகிக்க முடியும்.

2017-ல் முறையான சேவைக்கு வந்த ஐசிஇ 4 அப்படிக் கவர்ச்சி காட்டுவதில்லை. வேகமும் குறைவு: மணிக்கு முதலில் 250 கிலோமீட்டர், பிறகு 265. பன்னிரண்டு பெட்டிகளில் 830 இருக்கைகள், எட்டு சைக்கிள்களுக்கு இடம், நேரத்துக்கேற்ப நிறம் மாறும் விளக்குகள். ஆனால் இரண்டாம் வகுப்பில் வரிசை இடைவெளி 856 மி.மீ. மட்டுமே. அதைச் சரிக்கட்ட ஒரு நல்ல உத்தியைக் கையாண்டார்கள். நாம் சாயும்போது முதுகுப்பகுதி அசையாத வெளிக்கூட்டுக்குள்ளேயே சறுக்கி இறங்கும், பின்னால் இருப்பவரின் மடியில் விழாது. இந்த ஒரு விஷயத்தில் ஐசிஇ 4 ஜப்பானியரை வென்றுவிட்டது என்பேன். இருந்தும் மெத்தை கடினம் என்று பயணிகள் குறைகூறியதால் பிறகு அதைத் திருத்த வேண்டியிருந்தது. வரைபடத்தில் அறிவுபூர்வமாக இருந்த ஒன்று முதுகெலும்புக்கு ஒத்துவரவில்லை.

சாயும் ரயில்களை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. இத்தாலியில் உருவான பெண்டோலினோ வளைவுகளில் எட்டு பாகை வரை சாயும். பார்க்க அழகு, சிலருக்கு வயிற்றைப் புரட்டும். என்700எஸ்ஸும் வளைவில் சாய்கிறது, காற்று ஸ்பிரிங்கின் உதவியால் ஒரே ஒரு பாகை. பயணிக்கு அது தெரிவதுகூட இல்லை.

ஒரு ரயிலை மட்டும் விட்டுவிட மனமில்லை. சுவிட்சர்லாந்தின் ஜிருனோ 2019-ல் வந்தது. 550, 760 மி.மீ. என இரு உயர நடைமேடைகளிலிருந்தும் படியேறாமல் உள்ளே போகலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும், முழங்கால் வலியோடு வருபவருக்கும் வசதி என்பது ஏறும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. நான் மேலே அடுக்கிய மில்லிமீட்டர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே என் வரிசை இதுதான். நடு இருக்கைக்கு என்700எஸ். அமைதிக்கு டூப்ளெக்ஸ் மேல்மாடி. பின்னால் இருப்பவரைத் தொல்லை செய்யாமல் சாய்ந்துகொள்ள ஐசிஇ 4, மெத்தை திருத்தப்பட்ட பிறகு. ஒரே ஒரு பயணச்சீட்டை யாராவது கையில் கொடுத்து எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால், இந்த மதிப்பெண்கள் எதையும் பாராமல் ஐசிஇ 3-இன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முன்வரிசையைக் கேட்பேன். ஓட்டுநர் அதை மங்கலாக்காமல் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொள்வேன்.