பதினஞ்சு கிலோவும் விடிகாலை ஃபிளைட்டும்

டெல்லி கிளம்பும் முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு சடங்கு நடக்கும். துணி எடை போடும் தராசில் சாம்பிள் பையை ஏற்றுவோம். பேக்கிங் பார்க்கிற தம்பி குனிந்து படிப்பான்.

"அண்ணா, பதினஞ்சு எண்ணூறு காட்டுதுங்க."

"ஹூடி ரெண்டை எடுத்துரு கண்ணு."

ஒரு ஹூடி அரைக் கிலோ. இரண்டை எடுத்தால் பதினாலு எண்ணூறு, சரியாகப் போச்சு. 15 கிலோவைத் தாண்டினால் ஏர்போர்ட் கவுன்டரில் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் கறந்துவிடுவார்கள். வருசத்தில் ஏழெட்டுத் தடவை போய் வருகிறவனுக்கு அது சும்மா இல்லை.

நான் முதல்முதலாக விமானம் ஏறியது 2006-ல். திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பெங்களூரு போய், அங்கிருந்து ஏர் டெக்கானில் டெல்லி. ராணுவத்தில் கேப்டனாக இருந்த கோபிநாத் 2003-ல் ஆரம்பித்த லோ-காஸ்ட், அதாவது செலவைக் குறைத்து ஓட்டுகிற, விமானக் கம்பெனி அது. ஒரு ரூபாய் டிக்கெட் என்று ஊரெல்லாம் பேச வைத்தார். சீட் நம்பர் கிடையாது. கதவு திறந்ததும் டவுன் பஸ் மாதிரி ஓட்டம். துண்டு போட்டு இடம் பிடிக்காத குறைதான். தண்ணீருக்கும் காசு. அதுவரைக்கும் டெல்லி என்றால் எனக்கு கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. அதனால் எந்தக் குறையும் குறையாகத் தெரியவில்லை.

எப்படி இவர்களுக்குக் கட்டுப்படியாகிறது என்ற கேள்வி அன்றைக்கே மண்டைக்குள் ஏறிவிட்டது. பதில் எங்கள் நிட்டிங் ஷெட்டிலேயே இருந்தது. மெஷின் ஓடினால்தான் காசு. நின்றால் வட்டி மட்டும் ஓடும். அத்தனை மெஷினும் ஒரே கேஜ் (ஊசி நெருக்கத்தின் அளவு), ஒரே கம்பெனி என்றால் ஊசியும் ஒன்று, கண்ணியைப் பிடிக்கிற சிங்கர் தகடும் ஒன்று, ஃபிட்டரும் ஒருத்தர் போதும். அமெரிக்காவில் 1971-ல் பறக்க ஆரம்பித்த சவுத்வெஸ்ட் செய்தது அதைத்தான்: போயிங் 737 தவிர வேறு விமானம் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருசமே பணமுடை. இருந்த நாலு விமானத்தில் ஒன்றை விற்றுவிட்டு, மிச்சம் மூன்றை வைத்தே நாலுக்குரிய அட்டவணையை ஓட்டினார்கள். இறங்கி, ஆளை இறக்கி, ஏற்றி, பத்தே நிமிசத்தில் மறுபடி கிளம்பிவிடுவது என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு மெஷினை விற்றுவிட்டு ஷிப்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைச் சுருக்கி அதே ஆர்டரை முடிக்கிற வேலை. நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்லிப் புரிய வைக்கவே வேண்டாம்.

இங்கே இண்டிகோ 2005-ல், ஒரு விமானம்கூட ஓட்டாத நிலையில், நூறு ஏர்பஸ்ஸுக்கு ஆர்டர் போட்டது. மொத்தமாக நூல் எடுத்தால் விலை குறையுமே, அந்தக் கணக்கு. வந்த விமானத்தைக் குத்தகைக் கம்பெனிக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டுவார்கள். கைமுதல் மாட்டிக்கொள்ளாது.

ஆக, லோ-காஸ்ட் என்பதில் காஸ்ட் அவர்களுடையது. நமக்கு விற்கிற விலை குறையவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்த மூன்று பேர் மூன்று விலை கொடுத்திருப்போம். மலிவு சீட்டுகள் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அது தீர்ந்ததும் அடுத்த விலை, அதுவும் தீர்ந்ததும் அதற்கடுத்த விலை. சரக்கு வாங்குகிற பையர் திடீரென்று கூப்பிட்டு நாளைக்கே போகவேண்டி வந்தால், அவசர ஆர்டருக்கு நாங்கள் சொல்கிற ரேட்டையே அவர்கள் நமக்குச் சொல்வார்கள். கோபப்பட என்ன இருக்கு?

கோபப்பட்டது வேறொரு நாள். மும்பையிலிருந்து சாயங்காலம் திரும்ப வேண்டிய ஃபிளைட், பேர் வேண்டாம், நாலு மணி நேரம் தாமதம். மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷன். வீடு வந்து சேர்ந்தபோது பால்காரர் வந்துவிட்டார். அப்புறம்தான் யோசித்தேன். ஒரே விமானம் ஒரு நாளைக்கு ஐந்தாறு நடை அடிக்கிறது. காலையில் ஒரு ஊரில் இருபது நிமிசம் பிந்தினால், இடையில் தரையில் நிற்கிற நேரமே அரை மணிதான், எங்கே ஈடுகட்டுவது? பிந்தினது பிந்தினபடியே சேர்ந்து சேர்ந்து சாயங்காலத்துக்காரன் தலையில் விடியும். அதிலிருந்து நாளின் முதல் ஃபிளைட்டைத்தான் எடுக்கிறேன். மூன்று மணிக்கு எழுந்து பீளமேட்டில் இருக்கிற கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போவது கொடுமைதான். ஆனால் அந்த விமானம் பெரும்பாலும் ராத்திரியே வந்து நின்றிருக்கும்.

இன்னொன்று, திருப்பூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். டாலர் ஏறினால் நாம் சிரிப்போம், அவர்கள் அழுவார்கள். டிக்கெட் விற்பது ரூபாயில். விமான வாடகையும் பராமரிப்பும் டாலரில். எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள் வராததால் அதன்மேல் கட்டுகிற வாட் வரிக்கு இன்புட் கிரெடிட் கிடையாது, அதாவது டிக்கெட்மேல் கட்டவேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் என்று வரிசையாக நின்றதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக்கதை உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் லாபம் எவ்வளவு மெல்லிசு என்பது அந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

ஓமலூர் மச்சான் சேலம் விமானத்தைப் பற்றிக் கேட்டால் பெருமூச்சு விடுவார். சின்ன ஊர்களுக்கு விமானம் விட அரசு மானியம் தருகிற உடான் திட்டத்தில் 2018-ல் சென்னைக்கு வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் திரும்ப வந்தது. எழுபது சொச்சம் சீட் உள்ள ஏடிஆர் என்கிற சின்ன விமானம் அது. பைலட் சம்பளத்தையும் மற்ற செலவையும் அத்தனை கொஞ்ச சீட்டில் பங்கிட்டால் ஒரு சீட்டுக்கு விழுகிற பாரம் அதிகம். மானியம் மூன்று வருசத்துக்குத்தான்.

சென்னைக்கு நான் விமானம் எடுப்பதே இல்லை. பீளமேடு போக ஒரு மணி, காத்திருப்பு, பறப்பது, மீனம்பாக்கத்தில் பெட்டிக்கு நிற்பது எல்லாம் சேர்த்தால் திருப்பூரில் ஏறுகிற வந்தே பாரத்தைவிடப் பெரிசாக மிச்சமாவதில்லை. அதில் ஹூடியையும் எடுத்துப் போகலாம்.

போன மாசம் அம்மாவை டெல்லியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். செல்லில் சீட் எடுத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார்.

"சன்னலோரம் உக்காரத் தனியாக் காசா சாமி?"

"ஆமாங்கம்மா."

"அப்ப நடுவுலயே போடு. வெளிய மேகந்தானே இருக்கும்."

சன்னலோரமே போட்டேன். மூன்று மணி நேரமும் கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவில்லை.