சாம்பல் அட்டை, வடக்கு ஜன்னல், ஒரு தலைவாழை இலை: மூன்று வருட அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில்தான் அண்ணியின் சமையல் ஆர்டர் வேலை நடக்கிறது. வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று ஐம்பது இலை, நூறு இலைக்குள் அடங்கும் ஆர்டர்கள். விசாரிக்கிறவர்களுக்கு அனுப்ப, பரிமாறிய இலையின் படம் வேண்டும். அதை எடுப்பது என் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு முன் எடுத்த முதல் படத்தைக் காட்டியதும் அண்ணி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா தம்பி, சோறு நீலமா கீது? நேத்து வடிச்சதுன்னு நெனச்சுக்குவாங்க."

அந்த நீலத்தைப் போக்க நான் முதலில் செய்த வேலை, வெள்ளை வேட்டியை இலைக்குப் பக்கத்தில் விரித்து அதை வைத்து கேமராவில் ஒயிட் பேலன்ஸ் பதிந்தது, அதாவது இந்த வெளிச்சத்தில் எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டியது. வேட்டியைவிட வெள்ளை வீட்டில் வேறு என்ன இருக்கிறது? அடுத்த படத்தில் சோறு மஞ்சளாகிவிட்டது. "இப்ப எலுமிச்ச சாதமா கீதே" என்றார் அண்ணி.

காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. எங்கள் வீட்டு வேட்டிகள் எல்லாம் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்தவை. போதாததற்கு, சோப்புத் தூளில் துணியைப் பளிச்சென்று காட்டும் வெளுப்பான்கள் உண்டு; வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். வெள்ளை என்று நான் காட்டியது வெளிர்நீலம். அதையே வெள்ளை என்று நம்பிய கேமரா, நீலத்தைக் குறைக்கப் படம் முழுவதையும் மஞ்சள் பக்கம் இழுத்துவிட்டது. ஏ4 பேப்பரும் அதே ரகம்தான், அதை நம்பியும் ஒருமுறை ஏமாந்தேன். அதற்குப் பிறகு வாங்கியதுதான் பதினெட்டு சதவீத சாம்பல் அட்டை. விழும் ஒளியில் பதினெட்டு சதவீதத்தை மட்டும் திருப்பி அனுப்பும், எந்த நிறத்தின் பக்கமும் சாயாத சாம்பல். முன்பக்கம் சாம்பல், பின்பக்கம் வெள்ளை, மேலே லேமினேஷன்.

அட்டை வந்த அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. இலைக்கு மேலே கையில் பிடித்துப் பதிந்தேன். சோறு லேசான ரோஜா நிறத்தில் வந்தது. இலையில் பட்டுத் தெறித்த பச்சை அட்டையின் மேல் விழுந்திருக்கிறது. கேமரா அந்தப் பச்சையைக் கழிக்கப் போய், அதன் எதிர் நிறமான மெஜந்தாவை ஏற்றிவிட்டது. இப்போது அட்டையைச் சோறு குவிக்கும் இடத்தில் படுக்கையாக வைத்து, ஜன்னல் ஒளி நேராக விழும்படி பார்த்துக்கொண்டு பதிகிறேன். பரிமாறுவதற்கு முன், வெறும் இலையில். பரிமாறிய பிறகு அட்டையை எங்கே வைப்பது, சாம்பாரிலா?

தானியங்கி ஒயிட் பேலன்ஸை நம்பி எடுத்தவர்களின் படங்களிலும் இதே ரோஜாச் சோற்றை அடிக்கடி பார்க்கிறேன். ஃபிரேம் முழுக்க இலையாக இருந்தால், வெளிச்சமே பச்சை என்று கேமரா முடிவு கட்டிவிடுகிறது. பிரியாணியில் தலைகீழ். ஆம்பூர் பிரியாணியை நெருக்கத்தில் எடுத்தால், காய்ந்த மிளகாய் விழுதின் செம்மையை மஞ்சள் விளக்கு என்று நினைத்து, நீலப் பக்கம் இழுத்துக் குளிரவைத்துவிடும். சீரக சம்பா சாம்பல் பூத்து, ஆறிப்போன பிரியாணி மாதிரி தெரியும். புதிய போன்கள் இதில் எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஒரே இலையை ஐந்து முறை எடுத்தால் ஐந்தும் ஒரே நிறத்தில் வருவதில்லை. பத்துப் படங்களை வரிசையாக அனுப்பும்போது அந்தக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒளியின் நிறத்தை கெல்வினில் சொல்வார்கள்; எண் ஏற ஏற ஒளி நீலம், இறங்க இறங்க மஞ்சள். நடுப்பகல் நேர் வெயில் சுமார் 5500 கெல்வின். நீல வானம் மட்டும் ஒளி தரும் நிழலில் 7000-ஐத் தாண்டும். பழைய குண்டு பல்பு 2700. ஜன்னல் ஓரம் எடுக்கும்போது அடுக்களை பல்பு எரிந்தால், சோற்றுக் குவியலின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். எந்த அட்டையாலும் அதைச் சரிசெய்ய முடியாது, பல்பை அணைப்பது ஒன்றுதான் வழி. நான் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் உள்ளே இருந்து அண்ணியின் சத்தம் வரும். பத்து நிமிடம்தான் அண்ணி என்று சொல்லி அரை மணி நேரம் எடுத்திருக்கிறேன்.

அடுத்தது ஜன்னல். வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, வடக்கு ஜன்னலில் எப்போதும் நேர் வெயில் வராது, மென்மையான ஒளிதான் வரும் என்று நம்பி அங்கே மேசையைப் போட்டேன். தையிலும் மாசியிலும் சொன்னபடியே இருந்தது. ஜூன் மாதம் காலை எட்டரைக்கு இலையின் குறுக்கே கத்தி மாதிரி வெயில் விழுந்தது. யோசித்தால் எளிய விஷயம்தான். வேலூர் கிட்டத்தட்ட 12.9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளையில் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும், காலையும் மாலையும் இன்னும் வடக்கே சாய்ந்திருக்கும். லண்டனில் எழுதிய வடக்கு ஜன்னல் பாடம் இங்கே பாதி வருடத்துக்குத்தான் செல்லும். இப்போது அந்த மாதங்களில் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் எடுக்கிறேன். வெயில் உச்சியில் இருப்பதால் சன்ஷேடு மறைத்துவிடும். மற்ற நேரமென்றால் ஜன்னலில் பழைய மல் வேட்டி ஒன்றைக் கட்டுகிறேன். நிறம் பார்க்க ஆகாத வேட்டி வெயிலை வடிகட்ட நன்றாகவே ஆகும். ஆனால் கட்டிய பிறகுதான் அட்டையை வைத்துப் பதிய வேண்டும், முன்னால் பதிந்தது செல்லாது.

மாடி அறைக்குச் சிவப்புச் சிமெண்ட் தரை. தாத்தா காலத்துத் தரை, கண்ணாடி மாதிரி இருக்கும். அழகுதான், ஆனால் வெயில் நேரத்தில் கீழிருந்து சிவப்பை அள்ளி வீசும். தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தின் அடிப்பாகம் மட்டும் செம்மண் தோய்ந்தது போல் தெரியும். கிண்ணத்தின் மேல்பாதி சரி, கீழ்ப்பாதி தவறு. தரையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை வைத்ததும் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. மூன்று வருடத்தில் நான் செலவழித்த காசில் அதிகப் பலன் தந்தது அந்தத் தெர்மாகோல்தான். அட்டையைவிடவும்.

அட்டையின் ஆயுள் பற்றிச் சொல்ல வேண்டும், இது பயன்பாட்டு அனுபவம் அல்லவா. இரண்டாவது வருடம் அதன் மூலையில் மஞ்சள் தூள் விழுந்து கறை பிடித்தது. சோப்பு நீரில் துடைத்தேன். கறை பளீரென்று சிவப்பானது! மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்திச் சிவப்பு வருகிறதே, சோப்பின் காரமும் அதே வேலையைச் செய்திருக்கிறது. பதறிப்போய் மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும், இதுவும் போய்விட்டது. கூடவே வேலூர் வெயிலில் அட்டை அப்பளம் மாதிரி வளைந்தும்விட்டது. வளைந்த அட்டையில் ஒரு பக்கம் மினுக்கும், ஜன்னலின் நீலம் அதில் பிரதிபலிக்கும். நடுப்பகுதியை மட்டும் வைத்துப் பதிந்து ஒரு வருடம் ஓட்டினேன்.

பதிந்தாகிவிட்டது; சரியா தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் நீண்ட நாள் ஏமாந்தது இங்கேதான். இரவில் போனில் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன், கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி போனில் இரவானால் ஆனில் இருந்தது. அதில் பார்த்துச் சரிசெய்த படங்கள் எல்லாம் காலையில் நீலமாகத் தெரிந்தன. இப்போது பகலில், அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன். கண்ணும் சும்மா இருக்காது. ஒரே படத்தை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் எந்த நிறத்துக்கும் பழகிவிடும். அதனால் திருத்தி முடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன். சரியில்லை என்றால் முதல் பார்வையிலேயே தெரியும்.

பார்க்கும்போது முதலில் சோற்றைப் பார்ப்பதில்லை. சோறு பச்சரிசியா புழுங்கலா என்பதைப் பொறுத்து நிறம் மாறும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இலையின் ஓரத்தில் இருக்கும் உப்பைப் பார்க்கிறேன், பிறகு தயிர். அப்புறம் எவர்சில்வர் டம்ளரின் நிழல் பக்கம். மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் ஒயிட் பேலன்ஸ் சரி. பிரியாணிப் படம் என்றால் பக்கத்தில் சமைக்காத கத்திரிக்காய் ஒன்றை வைப்பேன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்தான். காம்பில் முள்ளோடு படத்துக்கும் எடுப்பாக இருக்கும். அதைவிட முக்கியம், அந்த ஊதாவை ஏமாற்ற முடியாது. கொஞ்சம் குளிர்ந்தால் நீலமாகிவிடும், கொஞ்சம் சூடேறினால் பழுப்பாகிவிடும்.

அட்டை சொல்வதையே கடைசித் தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அதன்படி சரியான படத்தை அண்ணியிடம் காட்டினால், "நல்லா கீது, ஆனா பசிக்கல" என்பார். அதற்குமேல் ஒரு 200, 300 கெல்வின் சூடேற்றினால் தலையாட்டுவார். பிரியாணிக்கு அதுவும் தேவையில்லை.

படத்துக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்பது பற்றி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ஏனென்றால் பந்தி பரிமாறும் முறையே பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறது. நுனி உண்பவரின் இடப்பக்கம், மேல்பாதியில் பொரியல், கூட்டு, ஊறுகாய், கீழ்ப்பாதியில் சோறு, நடுவே நரம்பு. அந்த நரம்பே கண்ணை இடமிருந்து வலமாக இழுத்துப்போகும் கோடு. ஃபிரேமில் இடம் போதாவிட்டால் வலப்பக்கத்தை வெட்டுவேன், நுனியை வெட்ட மாட்டேன். யாரோ அனுப்பிய ஒரு படத்தில் நுனி வலப்பக்கம் இருந்தது. எடிட் செய்தவர் படத்தைக் கண்ணாடி போல் திருப்பிவிட்டார். சாப்பிடத் தெரிந்த எவருக்கும் அது உறுத்தும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

நேர் மேலிருந்து எடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. இலை முழுவதும் தெரியும், சரி. ஆனால் சோற்றின் குவியல் தட்டையாகிவிடும், வடை வெறும் வட்டமாகிவிடும். நான் நாற்பது டிகிரி சாய்வில், ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்து எடுக்கிறேன். அப்பளத்தின் கொப்புளங்களுக்கு அந்தப் பக்கவாட்டு ஒளிதான் உயிர். போனைக் கிட்டே கொண்டுபோனால் முன்னால் இருக்கும் டம்ளர் அண்டா மாதிரி வீங்கும். இரண்டடி பின்னால் வந்து 2எக்ஸ் ஜூமில் எடுத்தால் அடங்கும். அந்த டம்ளரிலேயே ஜன்னல், கேமரா, லுங்கியோடு நான், எல்லாம் தெரிந்த படம் ஒன்று ஒரு வருடம் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது டம்ளரின் என் பக்கத்தில் விபூதியை மெல்லப் பூசி மினுக்கைக் குறைக்கிறேன். "டம்ளருக்குக்கூட பட்டை போட்டாச்சா?" என்று அண்ணி கேட்பார்.

போன மாதம் புது அட்டை வாங்கினேன். பழையதையும் புதியதையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே நிமிடத்தில் பதிந்து பார்த்ததில் 150 கெல்வின் வித்தியாசம் காட்டியது. பழசுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் அண்ணி மார்க்கரில் ஆர்டர் கணக்கு எழுதுகிறார். இன்று காலை பார்த்தபோது: ஞாயிறு, காதுகுத்து, 80 இலை, வடை இரண்டு.