குனிந்து பார்க்கும் கேமரா: ரோலியா, யாஷிகாவா, லூபிடெல்லா?

பழைய கேமரா சேர்க்கத் தொடங்கும் பலருக்கு முதல் மயக்கம் டி.எல்.ஆர். (ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ்) எனும் இரட்டை லென்ஸ் கேமரா மேல்தான் வருகிறது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேலே இருப்பது நாம் பார்க்க, கீழே இருப்பது படம் பிடிக்க. மூடியைத் திறந்து குனிந்தால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுரத்தில் தெரு மின்னும். நடுவில் ஒரே ஒரு கண்ணாடி இருப்பதால் இடம் வலம் மாறித் தெரியும். தேர் இடப்பக்கம் நகர்ந்தால் திரையில் வலப்பக்கம் போகும். முதல் வாரம் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும்.

எதை வாங்குவது என்று கேட்டால் மூன்று பெயர்கள் வரும்: ஜெர்மனியின் ரோலிஃப்ளெக்ஸ் (சுருக்கமாக ரோலி), ஜப்பானின் யாஷிகா, சோவியத்தின் லூபிடெல். மூன்றிலும் 120 ஃபிலிம்தான் ஓடும். ஒரு ரோலுக்கு 12 படம், ஒவ்வொன்றும் 6x6 சென்டிமீட்டர். 35 எம்.எம். நெகட்டிவைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். எனவே படத்தின் தரத்தில் மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் விலையில் உள்ள தூரம் அளவுக்குப் பெரிதில்லை.

ரோலிஃப்ளெக்ஸிலிருந்து தொடங்குவோம். வம்சத்தின் மூத்தது அது. பிரௌன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே, ஹைடெக்கே என்ற இருவர் நடத்திய கம்பெனி 1929-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1937-இல் வந்த ஆட்டோமேட் மாடலில் ஒரு வேலைப்பாடு உண்டு. ஃபிலிமை இரண்டு உருளைகளுக்கு நடுவே செருகிவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டியதுதான். வெறும் காகிதம் மட்டும் உள்ள பகுதி தாண்டி ஃபிலிம் தொடங்கும் இடத்தில் கூடும் தடிமனை அந்த உருளைகளே உணர்ந்து, முதல் படத்துக்கான இடத்தில் சுற்றை நிறுத்திவிடும். பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது, வெறும் இரும்பு. அதைத் திறந்து பார்த்த எந்த மெக்கானிக்கும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்.

சிகாகோவில் 2007-இல் ஏலத்துக்கு வந்த பெட்டிகளிலிருந்து வெளியே தெரிந்த புகைப்படக்காரர் விவியன் மேயர் தெருவில் எடுத்த படங்கள் பெரும்பாலும் ரோலிஃப்ளெக்ஸில் எடுத்தவை. கேமரா மார்பில் தொங்கும், முகம் குனிந்திருக்கும், எதிரே நிற்பவருக்குத் தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்ற கூச்சம் வராது. ஷட்டர் சத்தமும் நாக்கால் ஒரு 'ச்' கொட்டுவது போலத்தான். இந்த வசதி எந்த டி.எல்.ஆரிலும் உண்டு, ரோலிக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் விலையை ஏற்றுவது இந்த மாதிரிக் கதைகள்தான். 2.8எஃப், 3.5எஃப் மாடல்களுக்கு இன்று கேட்கும் பணத்தில் பெயருக்கு ஒரு பங்கு, பிளானர் லென்ஸுக்கு ஒரு பங்கு. அலமாரிக்கு ஒன்று வேண்டும், காசும் இருக்கிறது என்றால் தயங்க வேண்டாம். வருஷத்துக்கு நாலு ரோல் எடுப்பவருக்கு அது அதிகம்.

யாஷிகா மேட் 124ஜி-யில் எனக்குப் பாசம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் ஸ்டுடியோவில் இருந்தது அதுதான். 1970-இல் வந்து 1986 வரை செய்யப்பட்ட மாடல். 80 எம்.எம். எஃப் 3.5 யாஷினான், நாலு கண்ணாடி கொண்ட நல்ல கூரான லென்ஸ். பார்க்கும் லென்ஸ் எஃப் 2.8 (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) என்பதால் திரையும் வெளிச்சமாக இருக்கும். ரோலியைப் பார்த்துச் செய்தது என்று யாரும் மறைப்பதில்லை.

அதன் சிக்கல் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரில் இருக்கிறது. பெயரில் உள்ள 'ஜி' மீட்டர் சுற்றின் தங்க முலாம் பூசிய இணைப்புகளைக் குறிக்கும். அந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்தது. பாதரசம் கூடாது என்று அந்தப் பேட்டரியை நிறுத்திவிட்டார்கள். அதே அளவில் 1.5 வோல்ட் ஆல்கலைன் கிடைக்கும், கச்சிதமாக உட்காரும், ஊசியும் ஆடும். ஆனால் உள்ளதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும், அதை நம்பினால் ஃபிலிமுக்குப் போதிய வெளிச்சம் போகாது. நான் அப்படி ஒன்றைப் போட்டுத் தேர்த் திருவிழா முழுவதையும் எடுத்தேன். 12 நெகட்டிவும் வெளிறி, உள்ளே எதுவும் இல்லாமல் வந்தன. பெரியப்பா தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயில் எவ்வளவுன்னு ஊசியா சொல்லணும்? உன் நெழலைப் பாருடா." அவர் அந்த மீட்டரை ஒரு நாளும் நம்பியதில்லை. நிழல் கறுப்பாக விழும் நல்ல வெயிலில் 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு எஃப் 16, நொடியில் 1/125. மேகம் வந்தால் ஒரு படி திற. அவ்வளவுதான் அவருடைய மீட்டர். காது மிஷினுக்குப் போடும் 675 பேட்டரி 1.4 வோல்ட் என்பதால் கிட்டத்தட்டச் சரிவரும். ஆனால் அளவில் சிறியது என்பதால் சுற்றிலும் வளையம் வைக்க வேண்டும், சீக்கிரமும் தீர்ந்துவிடும்.

ஆக, 124ஜி-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் இந்த மீட்டருக்கும் அந்த 'ஜி'-க்கும்தான். யாஷிகாதான் வேண்டும் என்றால் 1957-இல் தொடங்கிய மீட்டர் இல்லாத யாஷிகா மேட்டைத் தேடுங்கள். எதுவானாலும் கைப்பிடியைச் சுற்றும்போது நறநறவென்று கேட்டால் விட்டுவிடுங்கள். இந்தக் குடும்பத்தின் பலவீனம் அந்தப் பல்சக்கரங்கள்தான்.

லூபிடெல்லைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஃபாய்க்ட்லேண்டர் என்ற ஜெர்மன் கம்பெனியின் பிரில்லியன்ட் கேமராவை ஒட்டி லெனின்கிராடில் செய்தது. பிளாஸ்டிக் உடம்பு, மூன்று கண்ணாடி லென்ஸ், எஃப் 4.5. ஃபோகஸ் பார்க்கத் திரையின் நடுவில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் மங்கல் கண்ணாடி. சோவியத் புத்தகங்களைப் போல மலிவாக, தடியாக, எப்படியோ வேலை செய்யும். எஃப் 8-க்கு மேல் மூடி, நல்ல வெளிச்சத்தில் எடுத்தால், விலை உயர்ந்த கேமராவில் எடுத்ததோ என்று படம் உங்களையே ஏமாற்றும். கீழே போட்டாலும் மனசு நோகாது. பிள்ளைகளுக்குப் பழக்க இதைவிட நல்லது தெரியாது.

நான் வாங்கச் சொல்வது இந்த மூன்றில் எதுவும் இல்லை. ரோலிகார்ட். பொருளாதார மந்த காலத்தில் ரோலிஃப்ளெக்ஸ் வாங்க முடியாதவர்களுக்காக அதே கம்பெனி 1933-இல் விட்ட ஏழைத் தம்பி. கைப்பிடிக்குப் பதில் திருகு, ஷட்டரைத் தனியாக ஒரு நெம்புகோலால் ஏற்ற வேண்டும், ஃபிலிமின் அம்புக்குறியை நாமே புள்ளிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். வேகமாக எடுக்க முடியாது, கல்யாண வீட்டுக்கு ஆகாது. பெரியப்பா தொட்டிருக்க மாட்டார். ஆனால் கெட்டுப்போக அதில் உள்ள பாகங்களும் குறைவு. 1962 முதல் வந்த Vபி மாடலில் 75 எம்.எம். எஃப் 3.5 ஸெனார் லென்ஸ். யாஷினானைப் போலவே நாலு கண்ணாடி. பெயரில் 'ஃப்ளெக்ஸ்' இல்லை என்பதாலேயே விலை ரோலிஃப்ளெக்ஸில் பாதிக்கும் கீழே, பல நேரம் 124ஜி-யை ஒட்டி நிற்கும்.

வாங்கப் போகும்போது மூன்று சோதனை போதும். ஷட்டரை 1 நொடியில் வைத்துத் தட்டிக் காதில் வையுங்கள். நடுவில் திக்கினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, சுத்தம் பண்ணும் செலவை விலையில் கழியுங்கள். பின்கதவைத் திறந்து லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை, அதை என்ன விலைக்கும் தொட வேண்டாம். மேல்மூடிக்குக் கீழே, உருவத்தைத் திரைக்குத் திருப்பும் கண்ணாடியில் வெள்ளி முன்பக்கமே பூசியிருக்கும். விற்பவர் பளபளக்கத் துடைத்துக் காட்டினால் அதில் கீறல் தேடுங்கள். கூடவே அழகான தோல் உறை தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கேமராவை அதற்குள் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாதான் நல்லது.