போட்டோகிராபர்களுக்கான விலை நிர்ணய வகுப்பு: காலையில் கணக்கு, மதியத்துக்கு மேல் அமெரிக்கா

கோவையில் ஒரு ஹோட்டல் ஹாலில், கல்யாண போட்டோகிராபர்கள் விலை போடுவது எப்படி என்று ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். கட்டணம் 3,500 ரூபாய், மதியச் சாப்பாடும் ஒரு எக்செல் ஷீட்டும் அதில் அடக்கம். நடத்தியவர் பெயரைப் போடவில்லை. இதே பாடத்தைக் கிட்டத்தட்ட இதே ஸ்லைடுகளோடு வேறு சிலரும் ஊர் ஊராக நடத்திக்கொண்டிருக்கிறார்கள், நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் அவர்களுக்கும் பொருந்தும். காலை வகுப்புக்கு 5-க்கு 4 கொடுப்பேன், மதிய வகுப்புக்கு 2. பொள்ளாச்சிப் பக்கம் ஸ்டூடியோ வைத்து கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று எது வந்தாலும் எடுக்கிறவன் நான். சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு நாலு லட்சம் வாங்குகிறவர்களுக்கு இந்த விமர்சனம் அவ்வளவாக உதவாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் தொழிலில் விலை என்பது பக்கத்துக் கடையில் 60 ஆயிரம் சொன்னால் நாம் 55 சொல்வது, அவ்வளவுதான். அந்த 60 எங்கிருந்து வந்தது என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியாது, அவர் எதிர்க்கடையைப் பார்த்துப் போட்டிருப்பார். காலை முழுவதும் இந்த ஒரு பழக்கத்தை உடைக்கத்தான் பயிற்சியாளர் பாடுபட்டார், நன்றாகவே உடைத்தார். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து வருஷச் செலவை எழுதச் சொன்னார். அவர் போர்டில் போட்ட உதாரணக் கணக்கு இது: கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் சேர்த்து 6 லட்சம், அதை 4 வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். கடை வாடகை மாதம் 8,000, வருஷத்துக்கு 96,000. கரண்ட்டும் இன்டர்நெட்டும் 36,000. கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க், இன்சூரன்ஸ் 60,000. கடைசியாக, நிறையப் பேர் எழுதவே மறந்த வரி, உங்கள் சம்பளம், மாதம் 40,000 என்றால் 4,80,000. மொத்தம் 8,22,000. வருஷத்துக்கு 30 கல்யாணம் என்று வைத்தால் ஒரு கல்யாணத்தின் தலையில் 27,400 ரூபாய், ஷட்டரை அமுக்குவதற்கு முன்னாலேயே.

அதற்கு மேல் அந்தக் கல்யாணத்துக்கென்றே ஆகும் செலவு. கூட வரும் போட்டோகிராபர் 5,000, வீடியோகிராபர் 6,000, வீடியோ எடிட்டிங் 6,000, கரிஸ்மா ஆல்பம் (பக்கம் பக்கமாக வடிவமைத்து அச்சிடுவது) இரண்டு காப்பி 14,000, கார் 3,000, பென் டிரைவ், காலண்டர், ஃப்ரேம் வகையறா 1,000. ஆக 35,000. இரண்டையும் கூட்டினால் 62,400. இப்போது 60,000-க்கு ஒத்துக்கொண்டவர் தன் சம்பளத்திலிருந்து 2,400 ரூபாயை மாப்பிள்ளை வீட்டுக்கு மொய் வைத்துவிட்டு வருகிறார் என்று அர்த்தம். ஹாலில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தேய்மானக் கணக்கும் பிரமாதம். நிக்கான் டி850-க்கு நிறுவனம் சொல்லும் ஷட்டர் ஆயுள் 2 லட்சம் கிளிக். ஒரு கல்யாணத்துக்கு 4,000 கிளிக் போட்டால் 50 கல்யாணத்தில் அந்த எண்ணைத் தொட்டுவிடுவோம். அதன் பிறகும் ஓடும், பல பேருக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அன்றிலிருந்து எப்போது நிற்கும் என்று தெரியாத கேமராவை வைத்துக்கொண்டு தாலி கட்டுவதை எடுக்கிறோம். மிரர்லெஸ் கேமரா வைத்திருக்கிறவர்கள் எலக்ட்ரானிக் ஷட்டரில், அதாவது ஷட்டர் அசையாமலே எடுக்கும் முறையில், போட்டு அந்த ஆயுளை மிச்சம் பிடிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். மண்டபத்து எல்.இ.டி. வெளிச்சத்தில் படம் முழுக்கக் கோடு கோடாக விழலாம், அப்புறம் அந்தக் கோட்டுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

தள்ளுபடி பற்றி அவர் சொன்னதும் மனதில் நிற்கிறது. 75,000 சொல்லிவிட்டு, போனால் போகிறது என்று பத்து சதவீதம் குறைக்கிறோம். 7,500 தானே என்று தோன்றும். ஆனால் அந்த 35,000 நேரடிச் செலவு ஒரு பைசா குறையப்போவதில்லை. கையில் நிற்க வேண்டிய 40,000 தான் 32,500 ஆகிறது. வாடிக்கையாளருக்குப் பத்து சதவீதம், நமக்குக் கிட்டத்தட்ட பத்தொன்பது.

சரி, இனி மதியம். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை இல்லை.

மதியத்துக்கு மேல் ஸ்லைடெல்லாம் மாறிவிட்டது. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ், மேலே கண்ணைப் பறிக்கிற விலையில் ஒன்றை வைத்தால் நடுவில் இருப்பதை எடுப்பார்கள் என்ற பாடம். இது பொய்யில்லை, புடவைக் கடையில் விலை கூடின புடவையை முதலில் விரித்துக் காட்டுவது எதற்காம்? ஆனால் அவர் பேக்கேஜுக்குள் வைத்திருந்த சரக்கெல்லாம் அமெரிக்கச் சரக்கு. 6 மணி நேரம், 8 மணி நேரம், 10 மணி நேரம் என்று நேரத்தை வைத்து விலை. அப்புறம் பிரிண்ட் விற்றுச் சம்பாதிப்பது. கொங்குக் கல்யாணத்தில் முதல் நாள் சாயங்காலம் தொடங்கினால் இணைச்சீர், அது இதென்று சீர்ச் சடங்கெல்லாம் ராத்திரி எத்தனை மணிக்கு முடியும் என்று அதை நடத்திவைக்கும் அருமைக்காரராலேயே சொல்ல முடியாது. விடியற்காலை முகூர்த்தம். பாதிச் சீரில் கேமராவை மூடிவைத்து, "எட்டு மணி நேரம் முடிஞ்சுதுங்க, இனி மணிக்கு 3,000" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். இங்கே அளவுகோல் விசேஷம்தான்: நிச்சயம், முதல் நாள் ராத்திரி, முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு. அதோடு ஆல்பத்தில் எத்தனை ஷீட் என்பது. ஜனங்கள் அப்படித்தான் கேட்கிறார்கள், கொட்டேஷனையும் அப்படித்தான் போட வேண்டும்.

இன்னொன்று கொஞ்சம் விவகாரமானது. ரா ஃபைல் (கேமராவில் பதிவான, திருத்தாத மூலப் படம்) உங்கள் சொத்து, காப்புரிமை உங்களுடையது, அதற்கு ஒரு விலை வையுங்கள் என்றார். நம் நாட்டில் சட்டம் வேறு மாதிரி. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைப் பாருங்கள்: ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். அதாவது வாய்ப்பேச்சில் புக் செய்த கல்யாணத்தில் படத்தின் உரிமை காசு கொடுத்த பெண்ணின் அப்பாவுடையது. நமக்கு வேண்டுமென்றால் புக்கிங் ஃபார்மில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், நம் இணையப் பக்கத்தில் படம் போட்டுக்கொள்ளும் அனுமதியையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் காப்புரிமைக்கு விலை வை என்று மட்டும் சொல்லி அனுப்பினால், முதல் தகராறிலேயே மாட்டுவது நாம்தான்.

பேரம் பேசும் பயிற்சிதான் அன்றைக்கு உச்சம். பயிற்சியாளர் பெண்ணின் சித்தப்பாவாக நடித்தார், தாராபுரத்திலிருந்து வந்த ஒரு பையன் போட்டோகிராபர். "ஏந்தம்பி, எல்லாரும் ஐம்பதுக்கு எடுக்கறாங்களே, நம்ம வீட்டுக் கல்யாணம், பாத்துப் பண்ணிக் குடுங்க." அதற்குப் பயிற்சியாளரே சொல்லிக்கொடுத்த பதில், "சார், என் விலை என் மதிப்பு." பையன் அதை மனப்பாடம் செய்தவன் போல ஒப்பித்தான், ஹாலே சிரித்தது. பின்வரிசையில் ஒரு பெரியவர், ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கிறவராம், எழுந்து நின்று சொன்னார்: "குறைக்க மாட்டேன்னு சொல்லாதீங்க தம்பி. எதை எடுத்துறட்டுங்கன்னு கேளுங்க. ட்ரோன் வேண்டாமுங்களா, ஆல்பத்துல பத்து ஷீட் குறைச்சுக்கலாமுங்களானு கேட்டுப் பாருங்க. பத்து ஷீட் போச்சுன்னா அத்தை படம் வராதுன்னு அவங்களே பயந்துக்குவாங்க." விலையைக் குறைத்தால் சரக்கையும் குறை, சும்மா குறைத்தால் முதலில் சொன்னது பொய் விலை என்று ஆகிவிடும். கட்டணத்தில் பாதியை அந்தப் பெரியவருக்கே கொடுத்திருக்கலாம்.

பாடத்தில் இல்லவே இல்லாத இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது தேதி. வைகாசியில் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அன்றைக்கு ஊரில் மண்டபமும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்க மாட்டார். தேய்பிறையில் வரும் புதன்கிழமைக்கு அந்த நெருக்கடி கிடையாது. நாம் மட்டும் இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிறோம். மண்டபக்காரர் அப்படியா சொல்கிறார்? ஒரு தேதியில் நம்மால் ஒரு கல்யாணம்தான் எடுக்க முடியும், 30 கல்யாணம் என்ற கணக்கே அந்த நல்ல தேதிகளை நம்பித்தான் நிற்கிறது. ஆகவே ஞாயிறு வளர்பிறைக்குத் தள்ளுபடி கிடையாது, முன்பணமும் அதிகம். சலுகை கொடுக்கிற மனசு இருந்தால் வார நாள் முகூர்த்தத்தில் கொடுக்கலாம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் குழந்தைப் படம், குடும்பப் படம், கடைக்காரர்களுக்குப் பொருள் படம் என்று விலையை இறக்கி ஓட்டலாம், அப்போது கேமரா சும்மாதான் இருக்கப்போகிறது.

இரண்டாவது, இரண்டு வீடு. எங்கள் பக்கம் பெண் வீட்டார் ஒரு போட்டோகிராபர், மாப்பிள்ளை வீட்டார் ஒரு போட்டோகிராபர் என்று மேடையில் இரண்டு கூட்டம் முட்டிக்கொண்டு நிற்பது சகஜம். ஒரு வீடு புக் செய்ய வரும்போதே இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லிப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் ஆல்பம் ஒரு காப்பிக்கு 7,000. இன்னொரு வீட்டுக்கு இன்னும் இரண்டு காப்பி, கூடவே ஒரு ஆள் என்றால் நமக்கு 20,000-க்குள் கூடுதல் செலவு. அவர்களுக்கோ தனியாக ஆள் பிடிக்கும் மொத்தச் செலவும் மிச்சம். 75,000 சொல்லும் இடத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 1,20,000 சொன்னால் வீட்டுக்கு 60,000 தான் ஆகிறது, நம் கையில் நிற்பதும் கூடுகிறது. சம்பந்திகள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிற நிலைமையில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் சிக்கல்.

ஜிஎஸ்டியை ஒரே ஸ்லைடில் தாண்டிப் போய்விட்டார், இது பெரிய குறை. சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், போட்டோகிராபிக்கு வரி 18 சதவீதம். நம்மிடம் படம் எடுக்கும் ஜிஎஸ்டி பதிவுள்ள கடைக்காரர் அந்த வரியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், கல்யாண வீட்டாருக்கு அந்த வழியில்லை, அவர்களைப் பொறுத்தவரை 75,000 என்பது 88,500 ஆகிவிடும். 50 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வரவில் 6 சதவீதம் மட்டும் கட்டும் காம்பசிஷன் என்ற எளிய முறை உண்டு. ஆனால் அதை பில்லில் தனியாக வாங்கக்கூடாது, விலைக்குள்ளேயே அடங்க வேண்டும், வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியையும் திரும்ப எடுக்க முடியாது. வெளிமாநிலத்துக்குச் சப்ளை செய்கிறவர்கள் அதில் சேரவும் முடியாது, பாலக்காடு பக்கம் ஆர்டர் எடுக்கிற எங்களைப் போன்றவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் அதில் குதிக்கக்கூடாது. 19 லட்சத்தில் நிற்கிறவன் அடுத்த வருஷ விலையை எப்படிப் போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி, அதைக் கேட்டவரிடம் "உங்கள் சி.ஏ.வைக் கேளுங்கள்" என்றார்.

ஆல்பம் பாக்கியைப் பற்றியும் மூச்சே இல்லை. படம் தேர்வு செய்து கொடுக்கிறோம் என்று போனவர்களுக்குக் குழந்தை பிறந்து அதன் முதல் பிறந்தநாளுக்குத்தான் திரும்ப வருவார்கள், அதுவரை ஆல்பத்துக்கென்று நிறுத்திவைத்த மீதிப் பணமும் அவர்களிடமே இருக்கும். முகூர்த்தத்துக்குள் 90 சதவீதம் கைக்கு வந்துவிட வேண்டும், மூன்று மாதத்துக்குள் தேர்வு செய்யாவிட்டால் ஆல்பம் அன்றைய லேப் விலைக்குத்தான் என்று ஃபார்மிலேயே எழுதிவிடுவது நல்லது.

அந்த எக்செல் ஷீட் மட்டும் உண்மையிலேயே உருப்படி, செலவு வரிகளை மாற்றினால் கல்யாணத்துக்கு எவ்வளவு என்று அதுவே காட்டுகிறது. தொழிலுக்கு வந்து ஓரிரு வருஷம் ஆனவர்கள், இதுவரை வருஷச் செலவை ஒரு இடத்தில் எழுதியே பார்க்காதவர்கள் தாராளமாகப் போகலாம், போகும்போது கரண்ட் பில், லேப் பில், கேமரா வாங்கிய ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லாமே குறைவாகத்தான் வரும். மற்றவர்கள் யாராவது போய்வந்தவரிடம் ஷீட்டை வாங்கிக்கொண்டால் போதும். முடிகிற நேரத்தில் 9,000 ரூபாய்க்கு இன்னொரு 'அட்வான்ஸ்டு' வகுப்பு இருக்கிறது, இன்றே பணம் கட்டினால் 6,000 தான் என்று அறிவித்தார்கள். காலையில் தள்ளுபடி பற்றி அவ்வளவு சொன்னவர்!