முதியோரின் நெடும்பயணத்துக்கு அழுத்தக் காலுறை: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

மதுரையிலிருந்து சென்னைக்குப் பகலில் வரும் வைகை எக்ஸ்பிரஸில் 7 மணி நேரத்துக்கும் மேலாகக் காலைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்து வருவதால், எழுபதைத் தாண்டிய என் அம்மாவுக்கு எழும்பூரில் இறங்கும்போது இரண்டு கணுக்கால்களும் வீங்கி, செருப்பு வாரின் தடம் தோலில் பதிந்திருக்கும். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, முழங்காலுக்குக் கீழ்வரை வரும் அழுத்தக் காலுறையைப் பயணத்தின்போது அணியச் சொன்னார். மருந்துக் கடைகளில் கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ் என்று கேட்டால் கிடைக்கும்.

இந்தக் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் அந்த வேலை நின்று, ரத்தம் கீழே தேங்குகிறது. 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில், காலின் உள்ளே ஆழமாக ஓடும் ஆழ்சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுவது இதனால்தான்; வயது ஏற ஏற அது இன்னும் கூடும்.

வாங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. நாங்கள் முதலில் போன கடையில், "செருப்பு நம்பர் என்ன சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்கள். அதை வாங்காமல், அறுவைச் சிகிச்சைப் பொருள்கள் விற்கும் வேறொரு கடைக்குச் சென்றோம். அங்கிருந்த பெண்மணி அம்மாவை உட்காரவைத்து, கணுக்காலின் மிக ஒல்லியான இடத்தையும் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தையும் நாடாவால் அளந்து, பெட்டியிலிருந்த அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே எடுத்துக் கொடுத்தார். வீக்கம் வடிந்திருக்கும் காலை நேரத்தில் அளந்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

அணிவது எளிதல்ல. குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, பாதத்தை நுழைத்து, பிறகு சிறிது சிறிதாக மேலேற்ற வேண்டும்; விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்குத் துணை ஆள் தேவை. மேல்விளிம்பு நீளமாக இருக்கிறதென்று மடித்துவிடவே கூடாது, ஏனெனில் அந்த மடிப்பு கயிறு கட்டியதைப் போல இறுக்கி, ரத்தம் மேலேறுவதையே தடுத்துவிடும். வெயில் காலத்தில் புழுக்கமும் அரிப்பும் உண்டு. விரல் திறந்த வகையை வாங்கியதால், விரல்களின் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ள முடிகிறது.

இவ்வளவு பயன் இருந்தாலும் எல்லோருக்கும் இது ஏற்றதன்று. கால் தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் தீங்காகவே முடியலாம். இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் கோளாறாலும், அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளாலும்கூடக் கால் வீங்கும் என்பதால், காரணத்தை அறியாமல் கடைக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதை அணிந்து வரத் தொடங்கிய பிறகு அம்மாவின் கால் வீக்கம் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. ஆனால் காலுறை மட்டும் போதாது: கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் வரும் வழக்கத்தை அவர் விட வேண்டியிருந்தது, அவ்வப்போது ரயில் பெட்டிக்குள் நடக்கவும் வேண்டியிருக்கிறது. பயணத்திலோ அதற்குப் பிந்தைய வாரங்களிலோ ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும், காலுறை அணிந்திருந்தோமே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.