இயேசு பிறப்பு: கூடாரப் பண்டிகையா, பிரதிஷ்டைப் பண்டிகையா, பஸ்காவா?

இயேசு பிறந்த நாளை நற்செய்தியாளர் எவரும் குறித்து வைக்கவில்லை. யூதப் பண்டிகைகளுக்குள் அதைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கூடாரப் பண்டிகையில்தான் போய் நிற்கிறார்கள்.

அதன் அழகை மறுக்க முடியாது. யூத நாட்காட்டியின் திஷ்ரி (செப்டம்பர்–அக்டோபர்) மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாள் தழைக்குடிலில் தங்கி, முன்னோரின் வனாந்தர வாழ்வை நினைவுகூரும் பண்டிகை அது. "வார்த்தை மாம்சமாகி" நமக்குள்ளே வாசம்பண்ணியதை எழுதும் யோவான் அங்கே கையாளும் கிரேக்கச் சொல்லின் வேரே கூடாரம்தான். படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இது.

ஆனால் உவமைப் பொருத்தம் வேறு, நாள் கணக்கு வேறு. யோவான் ஸ்நானகனின் தந்தை சகரியா, அபியா வகுப்பைச் சேர்ந்த ஆசாரியன் என்கிறார் லூக்கா. தேவாலயத்தில் முறைவைத்துப் பணிசெய்த 24 ஆசாரிய வகுப்புகளில் அது எட்டாவது. நிசான் (மார்ச்–ஏப்ரல்) மாதத்திலிருந்து எண்ணினால், எல்லா வகுப்பாரும் கூடிப் பணிசெய்யும் பண்டிகை வாரங்களும் சேர்ந்து, சகரியாவின் முறை சீவான் (மே–ஜூன்) மாதத்தை ஒட்டி வரும். பிறகு அவர் மனைவி எலிசபெத்து கருவுற்று, அதன் ஆறாம் மாதத்தில் இயேசுவின் தாய் மரியாள் கருவுற்றால் அது கிஸ்லேவ் (நவம்பர்–டிசம்பர்). அங்கிருந்து ஒன்பது மாதத்தில் கூடாரப் பண்டிகை. கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆண்டில் இரண்டு முறை உண்டே! இரண்டாவது முறையிலிருந்து எண்ணினால் பிறப்பு, எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் நிசான் மாதத்துப் பஸ்காவின் பக்கம் போய்விடுகிறது. இரு தரப்புக்கும் சாட்சி சொல்லும் கணக்கை எப்படி நம்புவது? மேலும், பன்னிரண்டு வயதில் இயேசு பஸ்காவுக்குப் போனதைப் பண்டிகையின் பெயரோடு எழுதும் லூக்கா, பெத்லகேம் பயணத்துக்குக் குடிமதிப்பை மட்டுமே காரணமாகக் காட்டுகிறார்.

பிரதிஷ்டைப் பண்டிகையின் வாதம் மெலிந்தது. கி.மு. 164இல் யூதா மக்கபே தேவாலயத்தைச் சுத்திகரித்த நாள் கிஸ்லேவ் 25. டிசம்பர் 25உடன் எண் ஒத்துப்போகிறது என்பதைத் தவிர அதில் பிடிப்பு இல்லை; பிறை பார்த்து நடக்கும் மாதத்தின் 25 ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் விழுவதில்லை.

என் மனம் சாய்வது பஸ்காவின் பக்கம். பிறந்த நாளைப் பஸ்காவில் வைக்க நான் முயலவில்லை. நாம் கொண்டாடும் நாளுக்கே அது வேராக இருந்திருக்கலாம் என்பதுதான் என் எண்ணம். இயேசு சிலுவையில் அறையுண்ட பஸ்காவை மேற்குத் திருச்சபையில் மார்ச் 25 என்று கணித்தார்கள். கருவில் உருவானதும் அதே நாளில் என்ற நம்பிக்கையை திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் எழுதியே வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒன்பது மாதம், டிசம்பர் 25. கிழக்கே ஏப்ரல் 6 என்று கணித்தவர்களும் உண்டு. அதற்கு ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 6. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுவது அந்த நாளில்தான்.