ரீஃபில் செய்தே ஓடும் என் பிரிண்டர்

"வெளி இங்க் ஊற்றினால் ஹெட் போய்விடும்" என்று பயமுறுத்தாதவர்கள் குறைவு. ஹெட் என்பது இங்க்கைத் தாளில் தெளிக்கும் பகுதி. பல வருடமாக ரீஃபில் செய்தே இங்க்ஜெட் பிரிண்டரை ஓட்டிவருகிறேன். நான் பார்த்தவரை ஹெட்டைக் கெடுப்பது ஊற்றிய இங்க் அல்ல, காய்ந்த இங்க். பிரிண்டரை அதன் சொந்த பட்டனில் அணைத்தால் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியில் பொருந்திக்கொள்ளும். அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே சுவர் சுவிட்சைத் தட்டினால் நடுவழியில் நின்று காயும். வாரம் ஒருமுறை கலரில் ஒரு பக்கம் எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ரீஃபிலுக்கு அவசரம் ஆகாது. கார்ட்ரிட்ஜின் மேல் ஸ்டிக்கரை உரித்து, சிரிஞ்ச் ஊசியைத் துளை வழியே உள்ளிருக்கும் ஸ்பாஞ்சுக்குள் இறக்கி மெல்ல அழுத்தவேண்டும். துளையில் இங்க் பொங்கித் தெரிந்தால் கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிடுவேன். பிறகு கலர் கார்ட்ரிட்ஜின் நாசில் (இங்க் வெளிவரும் நுண்துளை) பக்கத்தை டிஷ்யூவில் ஒற்றினால் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் தனித்தனிப் பட்டையாக விழவேண்டும். மஞ்சள் பட்டை பச்சையடித்தால் பக்கத்து அறை வழிந்து கலந்திருக்கிறது. தெளியும்வரை ஒற்றுவதுதான் வழி. ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டும்போது காற்றுத் துளையை அடைக்கக்கூடாது. அடைத்தால் இரண்டு பக்கம் நன்றாக வந்து மூன்றாவதில் வெளிறும்.

இங்க் வாங்கும்போது டையா (கரைந்த சாயம்), பிக்மெண்டா (கரையாத நுண்துகள்) என்று பாருங்கள். பல மாடல்களில் கருப்பு பிக்மெண்ட், கலர் டை. மாற்றி ஊற்றினால் உள்ளே கட்டிதட்ட வாய்ப்புண்டு.

1977இல் கேனன் ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் இங்க் நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டு, நுனியிலிருந்து இங்க் தெறித்ததாம். சூட்டால் இங்க்கைத் தெறிக்கவிடும் கேனனின் தெர்மல் ஹெட்டுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. இந்த வகையில் சூடாக்கும் துணுக்கைக் குளிர்விப்பதும் அந்த இங்க்தான். அதனால் எழுத்து வெளிறியதுமே நிறுத்திவிடுவேன். காலியாக ஓட்டினால் நாசில் கருகிவிடும். மின்சாரத்தில் வளையும் துணுக்கால் இங்க்கைத் தள்ளும் எப்சனின் பீசோ ஹெட்டில் இந்தச் சூடு இல்லை. ஆனால் அது பிரிண்டரோடு சேர்ந்தே இருப்பது, கார்ட்ரிட்ஜை மாற்றினால் மாறாது. அங்கே அடைப்பு வராமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

ஹெட் கிளீனிங்கைத்தான் எல்லோரும் சகட்டுமேனிக்கு அழுத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் நல்ல இங்க்கை உறிஞ்சிக் கழிவு ஸ்பாஞ்சில் கொட்டுகிற வேலை அது. கழிவு எவ்வளவு சேர்ந்தது என்று பிரிண்டர் வைத்திருக்கும் கணக்கு நிரம்பினால் பல பிரிண்டர்கள் அச்சடிக்கவே மறுக்கும். எனவே முதலில் நாசில் செக், அதாவது எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம். விடுபட்ட கோடு ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால் பெரும்பாலும் காற்றுக்குமிழி; ராத்திரி முழுக்க சும்மா விட்டாலே பலசமயம் சரியாகிவிடும். ஒரே இடத்தில் நின்றால் அடைப்பு. ஒரு கிளீனிங், மிஞ்சினால் இரண்டு. அதற்கும் மசியாவிட்டால், ஹெட்டுடன் வரும் கார்ட்ரிட்ஜ் என்றால், வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த டிஷ்யூ மேல் நாசில் பக்கம் படும்படி சில நிமிடம் வைப்பேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். கார்ட்ரிட்ஜில் மின்தொடர்புக்கு இருக்கும் செப்புப் பட்டைகளைத் துடைத்துக் காயவைத்த பிறகே மாட்டவேண்டும். அப்படியும் அதே கோடு விடுபட்டால் அந்த நாசிலின் ஆயுள் முடிந்தது. புது கார்ட்ரிட்ஜ் வாங்கிவிடுவேன்.